தோட்டா விலையைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குங்கள்: .22, 9 எம்எம் இரண்டோடும் சில ஆண்டுகள்

கைத்துப்பாக்கிக்குப் பணம் கொடுப்பது ஒருமுறைதான். தோட்டாவுக்கோ சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். டெக்சாஸில், டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். 2019 முதல் குறிசுடுதலை விளையாட்டாகப் பழகி வருகிறேன். "முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்?" என்று கேட்டு வரும் நண்பர்களிடம் "மாதம் எத்தனை தோட்டா சுடப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். அந்தப் பதிலை வைத்துத் தோட்டா வகையை முடிவு செய்துவிட்டால், துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்துவிடுகிறது. கடையில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் எடுத்ததும் பிடித்துப்போன துப்பாக்கியை வாங்குகிறார்கள். நான்கு மாதத்தில் தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. துப்பாக்கி பெட்டியில் தூங்கப் போய்விடுகிறது.

கணக்கைப் பார்க்கலாம். தோட்டாவின் பெயரில் வரும் எண் ஏறத்தாழ அதன் குண்டின் விட்டம், புள்ளியில் தொடங்குபவை அங்குலத்தில். மொத்தமாக வாங்கும்போது எனக்குக் கிடைக்கும் விலை சுமாராக இப்படி இருக்கிறது: .22 எல்ஆர் தோட்டா ஒன்று 8 செண்ட், 9 எம்எம் 25 செண்ட், .380, .40 இரண்டும் 35 செண்டை ஒட்டி, .45 ஏசிபி 45 செண்ட். வாரம் ஒருமுறை போய் நூறு தோட்டா சுட்டால் மாதம் நானூறு ஆகிறது. .22 என்றால் மாதம் 32 டாலர், 9 எம்எம் 100 டாலர், .45 என்றால் 180 டாலர். ஓராண்டில் .45 சுடுபவர் 9 எம்எம் சுடுபவரைவிட 960 டாலர் கூடுதலாகச் செலவழிக்கிறார். அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல துப்பாக்கியே வாங்கிவிடலாம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 2024 ஜூலை முதல் வந்த 11 சதவீத மாநில வரியையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

9 எம்எம் மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் உற்பத்தி அளவு. 1902-ஐ ஒட்டி ஜெர்மனியில் கியார்க் லூகர் வடிவமைத்த தோட்டா இது. இன்று நேட்டோ நாடுகளின் படைகளும் உலகின் பெரும்பாலான காவல்துறைகளும் இதையே பயன்படுத்துகின்றன. இவ்வளவு ஓடும் தோட்டாவோடு விலையில் போட்டியிட வேறெதனாலும் முடியாது. .22 எல்ஆர் அதைவிடப் பழையது, 1887-இல் வந்தது. சின்ன ஈயக் குண்டு, மெல்லிய பித்தளை உறை, சிட்டிகை வெடிமருந்து, அவ்வளவுதான் அதன் உடல். வெடிமருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் என்ற சிறு மூடி தனியாகக் கிடையாது. உறையின் அடி விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் கலவையைப் பரப்பிவிடுகிறார்கள். மலிவின் ரகசியம் அதுதான். அதன் குறையும் அங்கேயே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு இடங்களில் மட்டும் நண்பர்களைக் கையைப் பிடித்து நிறுத்துவேன். முதலாவது, காவல்துறை பயன்படுத்திக் கழித்த .40 துப்பாக்கிகள். 1986-இல் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் உயிரிழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, 9 எம்எம்மின் வலு போதாது என்ற எண்ணம் பரவியது. 1990-இல் .40 எஸ்&டபிள்யூ வந்தது. அமெரிக்கக் காவல்துறைகள் வரிசையாக அதற்கு மாறின. பின்னர் 9 எம்எம் குண்டுகளின் தரம் உயர்ந்ததும் எஃப்பிஐயே அதற்குத் திரும்பிவிட்டது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதனால் கழித்த .40 துப்பாக்கிகள் சந்தையில் குவிந்தன. நல்ல நிலையில் இருப்பவைகூட புதிய 9 எம்எம்மைவிட 200 டாலர் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் தோட்டாவுக்குப் பத்து செண்ட் கூடுதல் என்றால், இரண்டாயிரம் தோட்டாவில் அந்த இருநூறு டாலர் கரைந்துவிடும். மாதம் நானூறு சுடுபவருக்கு ஐந்தே மாதம். தவிர .40-இன் பின்னுதைப்பு கூர்மையானது. பழகும் நிலையில் அது தேவையே இல்லை.

இரண்டாவது, .380. சின்னத் தோட்டா, அதனால் மலிவாகவும் மென்மையாகவும் இருக்கும் என்று தோன்றும். இரண்டுமே உண்மையில்லை. 9 எம்எம் அளவுக்கு உற்பத்தி இல்லாததால் விலை அதிகம். சட்டைப்பைக்கு அடங்கும் இலகுவான துப்பாக்கிகளில் போட்டுச் சுடும்போது உள்ளங்கையைச் சுளீரென்று அடிக்கிறது. என் மனைவி முதன்முதலாகத் துப்பாக்கி பார்க்க வந்தபோது, "பெண்களால் 9 எம்எம் ஸ்லைடை இழுக்க முடியாது" என்று சொல்லி ஒரு கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டினார். ஸ்லைடு என்பது குழலின்மேல் முன்பின்னாக நகரும் உலோகப் பகுதி. அதைப் பிடித்து இழுக்கப் பார்த்தால் யாருக்கும் கடினம்தான். துப்பாக்கியை உடலோடு ஒட்டி வைத்து, ஒரு கையால் ஸ்லைடை இறுகப் பற்றி, மறு கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். இதைச் சுடுதளப் பயிற்சியாளர் ஒருவர் காட்டிக்கொடுத்த அன்றே என் மனைவி 9 எம்எம் ஸ்லைடை இயக்கிவிட்டார். வலிமைக்குறைவு என்று சொல்லி விற்கப்படும் பல பொருள்கள் பயிற்சிக்குறைவினால் விற்பவை.

ஆகவே என் முடிவு இதுதான். தொடர்ந்து சுட விரும்புபவருக்கு முதலில் .22, அதன்பின் 9 எம்எம், இந்த இரண்டும் போதும்.

.22-ஐ விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்கள் சுடுதளத்தில் நிறைய பேர் உண்டு. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் நடப்பது இந்தத் தோட்டாவில்தான். 2012 லண்டனில் இந்திய வீரர் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியும் இதுவே. கைத்துப்பாக்கியில் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் குறிபார்ப்பது காரணமில்லை. விசையை அழுத்தும் கடைசி நொடியில், வரப்போகும் உதைப்பை எதிர்பார்த்துக் கை முந்திக்கொள்கிறது. குழல் சற்றே கீழே சாய்கிறது. குண்டு இலக்கின் அடியில் போய்ப் படுகிறது. பெரிய தோட்டாவில் இந்த அசைவு உதைப்பில் மறைந்துவிடும், சுடுபவருக்கே தெரியாது. .22-இல் மறைவதற்கு உதைப்பே இல்லை. உங்கள் கை செய்வதெல்லாம் காகிதத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. விளிம்பில் கலவை பரப்பும் முறையால் .22-இல் சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும், மலிவான மொத்தப் பெட்டிகளில் இது கூடுதல். "க்ளிக்" என்ற ஓசை மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல் கீழே குனிந்ததா, அசையாமல் நின்றதா என்று பாருங்கள். பயிற்சியாளர்கள் இதற்காகவே போலித் தோட்டாக்களைக் கலந்து வைத்துச் சுடச் சொல்கிறார்கள். .22 அதைத் தானாகவே செய்துவிடுகிறது. வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு வெளியே எடுக்க வேண்டும். "பொத்" என்று வழக்கத்தைவிட மெலிதாக ஒலித்தால், அடுத்த தோட்டாவைச் சுடாமல் நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான் பயன்படுத்துவது ரூகர் மார்க் 4 வகையில் 22/45 என்ற மாதிரி. வில்லியம் ரூகர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய நம்பூ துப்பாக்கியின் அமைப்பைப் படித்துப் பார்த்து உருவாக்கிய .22 பிஸ்டல், 1949-இல் 37.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த நிறுவனமே அதன்மேல்தான் எழுந்தது. வெளித்தோற்றத்தில் இன்றும் அதே வம்சம் என்று சொல்லிவிடலாம். பழைய மாதிரிகளில் ஒரு தொல்லை இருந்தது. சுத்தம் செய்யக் கழற்றினால் திரும்பப் பூட்டுவதற்குள் பொறுமை போய்விடும். 2016-இல் வந்த மார்க் 4 அதைத் தீர்த்துவிட்டது. பின்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி கீல்போல் மடிந்து கழன்றுவிடுகிறது. தோட்டா அமரும் அறையின் பக்கமிருந்தே குழலைச் சுத்தம் செய்யலாம். மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து .22-இல் எவ்வளவு அழுக்குப் படியும் என்பதை அனுபவித்தவர்களுக்கு இந்தப் பொத்தானின் அருமை புரியும்.

இதன் குழல் அசையாமல் நிற்பதால் துல்லியம் குறையவே இல்லை. 15 கஜத்தில், நல்ல தோட்டா போட்டால் பத்துக் குண்டும் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. மொத்தப் பெட்டித் தோட்டாவில் அவ்வப்போது உறை சிக்குகிறது. சிசிஐ நிறுவனத்தின் மினி மேக் தோட்டா போட்டால் ஏறக்குறைய இல்லவே இல்லை. குறிசுடும் நாள்களில் சத்தமும் வேகமும் குறைந்த சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டிதான் என் விருப்பம். குறை என்று சொன்னால், மேகசினில் (தோட்டாக்களை நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி) பத்துத் தோட்டாதான், மேகசின் விலையும் கொஞ்சம் அதிகம். பழையது வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017 ஜூனுக்கு முன் தயாரான மார்க் 4 துப்பாக்கிகளைப் பாதுகாப்புப் பூட்டில் இருந்த ஒரு கோளாறுக்காக நிறுவனம் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. வரிசை எண்ணை வைத்து, அந்தத் திருத்தம் நடந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவு செலவிட வேண்டாம் என்றால் டாரஸ் டிஎக்ஸ்22 இருக்கிறது. 2019-இல் வந்தது, 300 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது, மேகசினில் 16 தோட்டா கொள்ளும். நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பலமுறை சுட்டிருக்கிறேன். இந்த விலைக்கு அதன் விசை வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. துல்லியத்தில் ரூகருக்கு ஒரு படி கீழே. ஆனால் தொடக்கநிலையில் அந்த ஒரு படி யாருக்கும் தெரியாது.

9 எம்எம்மில் என்னிடம் இருப்பது கிளாக் 19. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை என்பதே அதன் பெருமை. பிடியும் விசையும் அழகானவை அல்ல. ஆனால் என்ன தோட்டா போட்டாலும் சுடுகிறது. உதிரிபாகமும் மேகசினும் எந்த ஊரிலும் கிடைக்கும், நாமே மாற்றிக்கொள்ளலாம். ஐயாயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை சுருள்வில்லை மாற்றுகிறேன், வேறு செலவு வைத்ததில்லை. பல சுடுதளங்களில் சிறு கட்டணத்துக்குத் துப்பாக்கிகளை வாடகைக்குத் தருகிறார்கள். கிளாக், சிக், ஸ்மித் & வெசன் மூன்று நிறுவனங்களின் 9 எம்எம்களையும் ஒரே மாலையில் சுட்டுப் பார்த்துவிட்டு உங்கள் கைக்குப் பொருந்துவதை எடுங்கள். இவற்றில் எதுவும் உங்களைக் கைவிடாது.

.22-ஐ மட்டும் சுட்டுக்கொண்டிருந்தாலும் போதாது. உதைப்பைத் தாங்கும் பிடி, அடுத்த குண்டுக்குக் குறியைத் திரும்பக் கொண்டுவருவது, இவற்றை 9 எம்எம்தான் கற்றுத்தரும். என் பங்கீடு முக்கால் பகுதி .22, கால் பகுதி 9 எம்எம். மாதம் நானூறில் முந்நூறு .22 என்றால் 24 டாலர், நூறு 9 எம்எம் என்றால் 25 டாலர். ஆக 49 டாலரில் நிறைவான பயிற்சி. வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்வதற்குச் செலவே இல்லை. ரூகர் மார்க் 4-ம் கிளாக்கும் அதைத் தாங்கும். எல்லா .22 துப்பாக்கிகளும் தாங்காது, சிலவற்றில் தோட்டாவின் அடியைத் தாக்கும் ஊசிமுனை, தோட்டா இல்லாதபோது அறையின் விளிம்பைக் கொத்திச் சிதைத்துவிடும். கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

2020-21-இல் தோட்டாப் பஞ்சம் வந்தபோது 9 எம்எம் விலை மும்மடங்கையும் தாண்டியது. அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அந்த மாதங்களில் சுடுதளத்துக்கு வருவதையே விட்டவர்கள் பலர். 2013-ஐ ஒட்டிய பஞ்சத்தில் .22 தான் கண்ணில் படாமல் போனது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இரண்டு வகைத் துப்பாக்கி இருந்தால் ஏதாவது ஒன்றுக்குத் தீனி கிடைத்துவிடும். விலை இறங்கியிருக்கும்போது ஆறு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி, உலர்ந்த இடத்தில் பூட்டி வைப்பது என் பழக்கம்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒரு செய்தி. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு என்றாலும், வழக்கறிஞரிடம் பேசாமல் அதை நம்பி இறங்காதீர்கள். குடியேற்ற நிலையையே பணயம் வைக்கும் விஷயம் இது. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப்பெட்டியின் விலையையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படி வைக்கக் கூடாது.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம். மூடிய அரங்கில் காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் போடுகிறேன். .22-உம் செவியைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தமானதுதான். ஈயத்தூசி படிந்த கையோடு எதையும் சாப்பிடாதீர்கள். சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி, வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

பழகி ஓரளவு கை படிந்ததும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இரும்புத் தகடுகள், எவ்வளவு விரைவாக அடிக்கிறோம் என்பதுதான் மதிப்பெண். .22-க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் துப்பாக்கியைக் கையில் தாழ்த்திப் பிடித்தபடியே தொடங்கலாம் என்பதால் இடுப்புறைகூட வாங்க வேண்டியதில்லை. எட்டுக் கட்டங்களையும் முடிக்க ஏறக்குறைய இருநூறு தோட்டா போதும். 9 எம்எம்மில் 50 டாலர், .22-இல் 16 டாலர். நான் இரண்டு பிரிவிலும் சுட்டிருக்கிறேன். இப்போது .22 பிரிவுக்கு மட்டும்தான் பெயர் கொடுக்கிறேன்.