சைக்கிளுக்கு எந்த என்ஜின்: 66 சிசி டூ-ஸ்ட்ரோக்கா, 35 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

பெங்களூரில் சைக்கிளுக்கு என்ஜின் மாட்டக் கிளம்புகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இரண்டு பொருட்களுக்கு முன்னால்தான். ஒன்று, ‘80 சிசி’ என்ற பெயரில் விற்கும் சீனத்து டூ-ஸ்ட்ரோக் கிட். இன்னொன்று, கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரத்தில் வருகிற ஹோண்டா ஜி.எக்ஸ்.35 ஃபோர்-ஸ்ட்ரோக். எது நல்லது என்று என்னைக் கேட்டால், உங்களுக்கு ஓட்டப் பிடிக்குமா, கழற்றி மாட்டப் பிடிக்குமா என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

முதலில் அந்த 80 சிசி சமாசாரம். சிலிண்டரின் உள்விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சிசிக்கு மேல் வராது. மீதி 14 சிசி பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஜி.எக்ஸ்.35-இல் இந்த விளையாட்டு இல்லை: 35.8 சிசி, நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஒரு கிலோவாட் சக்தி, அவ்வளவுதான்.

மாட்டுகிற வேலையில் டூ-ஸ்ட்ரோக் கிட்டுக்குத்தான் வெற்றி. அது சைக்கிளுக்கென்றே செய்தது. என்ஜினுக்குள்ளேயே சுற்று 4.1 மடங்கு குறைந்துவிடும். அப்புறம் செயின் ஓடும் பல்சக்கரங்கள்: முன்னால் 10 பல், பின்சக்கரத்தில் 44 பல். 26 அங்குலச் சக்கரத்தில் 4000 சுற்றுக்கு மணிக்குச் சுமார் 27 கி.மீ. வரும். ஜி.எக்ஸ்.35-க்கு இந்த வசதி எதுவும் கிடையாது. 7000 சுற்றில் 30 கி.மீ. வேகம் வேண்டுமென்றால், என்ஜின் 29 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்ற வேண்டும். ஒற்றைச் செயினில் இது நடக்காது; நடுவில் ஒரு கியர்பாக்ஸோ பெல்ட்டோ வேண்டும். பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர் யாராவது பழக்கமென்றால் கவலை இல்லை. டயர் மேல் ஒரு உருளையை அழுத்தி ஓட்டும் குறுக்குவழியும் இருக்கிறது. நம்ம ஊர் மழையில் உருளை வழுக்கும், டயரையும் தின்னும். வேண்டாம்.

சாலையில் நிலைமை தலைகீழ். சில்க் போர்டு சிக்னலில் டூ-ஸ்ட்ரோக் வண்டியோடு நின்று பாருங்கள், இடது கை கிளட்ச் லீவரிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பூட்டி வைக்க ஒரு சின்ன ஊசி கொடுத்திருக்கிறார்கள்தான். நெரிசலில் அதைப் போட்டு எடுக்கப் பொறுமை வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிளட்ச் தானாகப் பிடிக்கும், தானாக விடும். புகை இல்லை, சத்தமும் குறைவு. பெட்ரோலும் குறைவாகத்தான் குடிக்கும், ஏனென்றால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வெளியே போவதில்லை.

இனி, கை வைத்து மாற்றுகிற விஷயம். இங்கேதான் டூ-ஸ்ட்ரோக் ஆசை காட்டும். பின்னால் 44 பல்லை எடுத்துவிட்டு 36 பல் போட்டால் அதே 4000 சுற்றில் 33 கி.மீ. தாண்டும். ஆனால் ராஜராஜேஸ்வரி நகர் மேட்டில் பெடலையும் சேர்த்து மிதிக்க வேண்டியிருக்கும். தினமும் மேடு ஏறுகிறவர்கள் 44-ஐ விடாதீர்கள். எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (சக்தி கூட்டும் வடிவில் செய்த சைலன்சர்), பெரிய கார்புரேட்டர், சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷன் ஏற்றுவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைகளை யாரும் பேசுவதில்லை. கிட்டோடு வரும் ஸ்டட்களை (பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் மரைத் தண்டுகளை) எடுத்துவிட்டு நல்ல தரமான ஸ்டட் போடுங்கள். சைலன்சர் பக்கத்து ஸ்டட் அதிர்விலேயே முறியும். பின்சக்கரப் பல்சக்கரம் ரப்பரை வைத்து ஸ்போக்கில் இறுக்கியிருக்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் நேரடியாக உட்காரும் அடாப்டருக்கு மாறுங்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் உருளை தளர்ந்து ஸ்போக்குக்குள் போனால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். அதிர்வைக் குறைக்கிறேன் என்று என்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ரப்பர் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது என்ஜினை இன்னும் ஆட வைத்து ஸ்டட்டைத்தான் முறிக்கும்.

ஜி.எக்ஸ்.35-இல் மாற்றிப் பார்க்க அதிகம் எதுவும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பராமரிப்பில் இரண்டும் இரண்டு விதமாகப் படுத்தும். டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் மாற்றும் வேலை இல்லை, பெட்ரோலில் கலந்தால் போதும். சாதாரண டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால், புது என்ஜினைப் பழக்கும் ரன்னிங்-இன் சமயத்தில் லிட்டருக்கு 60 மி.லி., பிறகு 40 மி.லி. நல்ல சிந்தெடிக் ஆயிலாக இருந்தால் அதைவிடக் குறைக்கலாம். பழைய யமஹா டூ-ஸ்ட்ரோக் பைக்கான ஆர்.எக்ஸ்.100-ஐ இன்னும் கும்பிடுகிற ஊர் இது, அதனால் டூ-டி ஆயிலுக்கும் கார்புரேட்டரில் கை பழகிய மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. ஜே.சி. ரோட்டிலோ சிவாஜி நகரிலோ விசாரித்தால் தமிழிலேயே பதில் கிடைக்கும். சைலன்சரிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் பிடிக்கும் கரியை அவ்வப்போது சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட் பக்கத்து ஆயில் சீல். அது தேய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறையும், சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பிப்பொடி நிறம் என்றால் நலம், வெள்ளை என்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில்தான் உயிர். மொத்தமே 100 மி.லி., 10டபிள்யூ-30 ரகம். இத்தனை கொஞ்சமாக இருப்பதால் சற்றுக் குறைந்தாலும் ஆபத்து. முதல் 10 மணி நேர ஓட்டத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். டேப்பட் (வால்வு) இடைவெளி இன்லெட்டில் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.11 மி.மீ. அதை அளக்கும் ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரியாதவர் இதில் கை வைக்க வேண்டாம். மற்றபடி மாதக்கணக்கில் தொல்லை இல்லை.

நம்ம ஊருக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்று லேசு. கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடும். இப்போது பங்க்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலோ, எத்தனாலில் இருக்கும் ஆக்சிஜனால் கலவையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால், கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் நீடில் கிளிப்பை அவசரப்பட்டு மாற்றாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டாத வாரங்களில் டேங்க்கைக் காலியாக வையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயையும் கெடுக்கும்.

சட்டத்தில் இரண்டுமே தோல்வி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவுப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் என்ஜின் 25 சிசிக்கு மேல் போனால் அது மோட்டார் வாகனம். பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும், வீட்டில் செய்த வண்டிக்கு அவை கிடைப்பது பெரும்பாடு. அதனால் தனியார் இடத்தில்தான் இவற்றை நிம்மதியாக ஓட்ட முடியும். தினமும் ஆபீஸ் போகத்தான் வண்டி வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற, 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்ட 250 வாட் எலெக்ட்ரிக் சைக்கிளை வாங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கழற்றிப் பார்க்கிற ஆசை இருப்பவருக்கு டூ-ஸ்ட்ரோக். பண்ணையிலோ பெரிய வளாகத்திலோ தினமும் ஓட்டுகிறவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக். என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு இருந்தால் டூ-ஸ்ட்ரோக் பக்கம்தான் போவேன். அதே பில்லில் ஒரு ஜோடி ஆயில் சீல், கேஸ்கெட் செட், நல்ல பிரேக் கட்டைகள் நான்கு.