ஹட்டனில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம்: லெட்சுமியை லெட்சுமியாகவே எழுதினார்கள்

அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிக்கான ஆவணங்களைச் சீர்செய்வதற்காக, ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் மாடியில் இருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் சென்றிருந்தோம். பெண்கள் 50 வயதில் அந்த நிதியைப் பெறலாம். ஆனால் அம்மாவுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் 'லெட்சுமி', பிறப்புச் சான்றிதழில் 'இலட்சுமி', அடையாள அட்டையில் 'லக்ஷ்மி' என்று மூன்று பெயர்கள் இருந்தன. ஆங்கிலத்திலோ எல் (L) எழுத்துக்கு அடுத்து ஓரிடத்தில் ஏ (A), இன்னோரிடத்தில் இ (E). முடிவில் ஐயும் (I) வையும் (Y) மாறி மாறி வந்தன.

முன்பு போன வேறோர் இடத்தில், லெட்சுமி என்பதே பிழை என்று சொல்லி எல்லாவற்றையும் லக்ஷ்மியாக மாற்றிவிட்டார்கள். தோட்டப் பதிவோடு பொருந்தாமல் அந்தத் தாள் திரும்பி வந்தது.

இந்த மொழிபெயர்ப்பாளர் முதலில் அம்மாவைத்தான் கேட்டார்: "அம்மா, ஒங்க பேர நீங்க எப்புடிச் சொல்லுவீங்க?" பிறகு மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்து, தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னே இகரம் சேர்ந்ததையும், வடமொழிக் க்ஷகரம் ட்ச என்றும் க்க என்றும் திரிந்ததால் இலட்சுமியும் இலக்குமியும் உண்டானதையும், லெட்சுமி நம்மவர்களின் வாய்வழக்கு என்பதையும் பொறுமையாக விளக்கினார். ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளதை உள்ளபடியே பெயர்த்து, மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒப்பமிடுவதற்கான சத்தியக்கடதாசியையும் தட்டச்சு செய்து தந்தார். எனக்கு மிகவும் பிடித்தது, அம்மா பேசும் பெயரை அவர் குறையாகப் பார்க்காததுதான்.

அம்மா பிறந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மட்டும் முத்துலெட்சுமி, தனலெட்சுமி, விஜயலெட்சுமி என்று பலர் இருந்ததால், காம்பிரா (அறை) எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்களாம். அன்று வாங்கில் எங்களோடு காத்திருந்த இளம் தாய்மாரின் பிள்ளைகளில் ஒரு லெட்சுமிகூட இல்லை. லக்ஷிகாவும் லக்ஷனாவும் இருந்தார்கள். பரணி நட்சத்திரத்தில் பிறந்து, அதற்குரிய பெயரெழுத்தாக லே வந்தாலும் இப்போது லெட்சுமி என்று வைப்பதில்லை. எண்சோதிடம் பார்த்துப் பெயரில் எழுத்தைக் கூட்டுகிறவர்கள், இருபது வருடங்களுக்குப் பின் அந்தப் பிள்ளை கடவுச்சீட்டு எடுக்கப் போகும் நாளையும் நினைக்க வேண்டும்.

ஒருவரே எல்லா வேலையும் செய்வதால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் காத்திருந்தோம். போட்டோப் பிரதிக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது, முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்தப் படிகள் சிரமம். ஆயினும் முத்திரை வைப்பதற்கு முன், அம்மாவின் கையில் தாளைக் கொடுத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொன்னார். மூல ஆவணங்கள் அனைத்தையும் கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.