ஹீட்டர் போடாத ஊரில் காபன் மொனொக்சைட் கருவி: நீண்ட காலம் பாவித்த அனுபவம்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமானத் தளத்தில் பறக்கும் நண்பர்கள் என் சட்டைப்பையில் கொழுவியிருக்கும் சிறிய கருவியைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இந்த வெக்கையில ஆர் ஹீட்டர் போடப் போறது? இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களில் ஹீட்டருக்கான காற்று சைலன்சரைச் சுற்றிய தகட்டு உறைக்குள் சூடாகித்தான் உள்ளே வருகிறது. சைலன்சரில் வெடிப்பு விழுந்திருந்தால் எஞ்சின் புகையும், அதிலுள்ள நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டும் அதோடு வரும். கொழும்பில் ஹீட்டர் குமிழை மழைநாளில் கண்ணாடியில் நீராவி படிந்தால்தான் இழுப்போம். ஆனால் புகை உள்ளே வர ஹீட்டர் மட்டுமே வழி அல்ல. எஞ்சினுக்கும் நமக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு துளை, தேய்ந்த கதவு இரப்பர், பாதி திறந்த ஜன்னல், எதுவும் போதும்.

2017 டிசம்பர் 31 அன்று சிட்னிக்கு வடக்கே ஒரு பீவர் மிதவை விமானம் நீரில் விழுந்து, விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். அங்கே அது நடுக் கோடை. விசாரணையில் இரத்தத்தில் காபன் மொனொக்சைட் கூடியிருந்தது தெரிந்தது. புகைக்குழாய் வளையத்தில் வெடிப்புகள், தடுப்புச் சுவரில் சில போல்ட்கள் இல்லை. இந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டை அந்த விமானத்திலும் இருந்தது. ஹீட்டர் இல்லையென்றால் ஆபத்தில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த விபத்தைத்தான்.

எங்கள் விமானத்திலும் முன்பு அந்த அட்டைதான். வெயிலில் நிற்கும் விமானத்தில் அது வெளிறிப்போகும், எப்போது பிரித்து ஒட்டியது என்றும் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, நாமாகத் திரும்பிப் பார்த்தால்தான் அது பேசும். இந்த வாயு முதலில் கெடுப்பதோ அப்படிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பை. அதனால் எண் காட்டி, தானே எச்சரிக்கும் மின்னணுக் கருவிக்கு மாறினேன்.

நம் ஊருக்கு இது இன்னும் அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி ஏறத்தாழ 330 கிலோமீட்டர், 172இல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். புத்தளம் தாண்டும்போது தலை இடித்தால் வெயில் என்போம், தண்ணீர் குடிக்கவில்லை என்போம். குளிர் நாட்டு விமானிக்கு அந்தத் தலையிடி சந்தேகத்தைத் தரும். நமக்குத் தராது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் உதவாது. காபன் மொனொக்சைட் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். அப்படிப் பிடிபட்ட இரத்தத்தையும் அந்த மானி நல்ல இரத்தமாகவே காட்டும்.

நீண்ட நாள் பாவித்ததில் கிடைத்த பெரிய பயன், எச்சரிக்கை ஒலியைவிட, எங்கள் விமானத்தின் வழக்கமான எண்கள் தெரிந்ததுதான். பின்காற்றில் ஜன்னல் திறந்து ஓடுபாதைக்குப் போகும்போது பத்து, பதினைந்து பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரும். புறப்பட்டதும் பூச்சியம். ஒருகட்டத்தில் ஏறும்போது மட்டும் இருபதுக்கு மேல் நின்றது, சமமாகப் பறந்தால் இறங்கியது. என் கருவி அலறாத அளவு அது. பொறியியலாளரிடம் சொன்னேன். எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது புகைக்குழாய்ப் பொருத்து ஒன்றில் சாம்பல் நிறக் கசிவுத் தடம். அட்டை இதைக் காட்டியிருக்காது. வீட்டுக்கு விற்கும் அலாரமும் காட்டியிருக்காது. அமெரிக்கத் தரப்படி அது 70 பிபிஎம்மில்கூட ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.

குறைகளும் உண்டு. சத்தம் குறைக்கும் ஹெட்செட் போட்டால் பீப் ஒலி காதில் விழாது. அதிர்வும் மின்னும் விளக்கும் இல்லாததை வாங்காதீர்கள், கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். கை கழுவும் ஸ்பிரிட்டின் ஆவிக்கும் எண் ஏறும், ஆகவே அதைக் கருவிக்குப் பக்கத்தில் பூசக்கூடாது. உணரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான், பற்றரி இருந்தாலும் அது செத்துப்போகலாம். நான் இடைக்கிடை ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் புகையும் நுளம்புத்திரியோடு சற்று நேரம் வைத்து எண் ஏறுகிறதா என்று பார்ப்பேன். அளவைத் திருத்தும் சோதனை இது அல்ல, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஐம்பதைத் தொட்டு நின்றால் நான் செய்வது: ஹீட்டர் மூடல், காற்றுத்துளைகள் முழுத் திறப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல், அருகிலுள்ள தளத்தில் இறக்கம். இறங்கியபின் தலை தெளிந்தாலும் அன்று மறுபடி ஏறுவதில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் உள்ளதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும்.