ஹேமண்ட் எம்3 ஆர்கன் ஆம்பை கிடார் ஆம்பாக மாற்றி, வருடக்கணக்கில் வாசித்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓடுகிற ஆர்கனைப் பிரிக்காதீர்கள். ஹேமண்ட் எம்3 அமெரிக்காவில் 1955 முதல் 1964 வரை வீடுகளுக்காகச் செய்த சின்ன ஆர்கன். புக்கர் டி. ஜோன்ஸ் 1962இல் ‘க்ரீன் ஆனியன்ஸ்’ இசையால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இதில்தான். டோன்வீல் (சத்தத்தை உண்டாக்கும் பல் சக்கரம்) சுற்றுகிறது, கீபோர்டு பேசுகிறது என்றால் அது அப்படியே இருக்கட்டும். நான் எடுத்தது டோன்வீல் ஜெனரேட்டர் இறுகிப்போய், மரப்பெட்டியும் ஈரத்தில் உப்பி, குப்பைக்குப் போக இருந்த ஒன்று. டொராண்டோ பக்கத்தில் இப்படிப்பட்ட ஆர்கன்களை இலவசமாகவே தருகிறார்கள், தூக்கிக்கொண்டு போக ஆள் வந்தால் போதும் என்றிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் ஆம்புக்கு ஏஓ-29 என்று பெயர். பவருக்கு இரண்டு 6வி6 வால்வு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஒரு 5யு4 வால்வு. பார்த்ததுமே கிடார்காரர்களுக்கு ஃபெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ஆம்ப் நினைவு வரும், எனக்கும் அதுதான் வந்தது. அதனால் ஆர்கனுக்கான வைப்ரேட்டோ, பெர்கஷன் சர்க்யூட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 1950களின் ட்வீட் டீலக்ஸ் சர்க்யூட்டை, அதாவது 5இ3ஐ, அதே சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) புதிதாகக் கட்டினேன். பழைய சர்க்யூட்டை அங்கங்கே ஒட்டி வெட்டி கிடாருக்கு இணக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபது வருடத்துப் பேப்பர் கெபாசிட்டர்கள் டிசியைக் கசியவிடும், அது நேராக 6வி6இன் கிரிட்டில், அதாவது சிக்னல் நுழையும் முனையில், போய் உட்கார்ந்தால் வால்வு சிவந்து போகும், ரெசிஸ்டர்களும் மதிப்பு ஏறிக் கிடக்கும். இந்தச் சேசிஸில் காசு பெறும் பொருள் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் வால்வு சாக்கெட்டுகளும்தான். மீதியைப் புதிதாகப் போடுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஓமுக்கானது என்று தெரியாவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம். டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக எடுத்து, வால்வுகளின் ஆனோடுக்குப் போகும் இரண்டு வயர்களுக்கு இடையே 12 வோல்ட் ஏசி கொடுத்து, ஸ்பீக்கர் பக்கம் எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 0.38 வோல்ட் வந்தால் விகிதம் சுமார் 31.6, அதன் வர்க்கம் 1000, ஆக 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் வால்வுகளுக்கு 8000 ஓம் தெரியும். ஒரு ஜோடி 6வி6 விரும்புவது அந்த அளவைத்தான்.

ஷாக் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளைக் கொல்ல அது போதும். ஒரு பவர் ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இரண்டு முள் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று முள் பிளக் போட்டு எர்த்தை சேசிஸில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கிடார் கம்பி உங்கள் கையில் இருக்கிறது, அந்தக் கம்பி சேசிஸோடு சேர்ந்திருக்கிறது, அதனால் இதில் சமரசமே கிடையாது. முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸ் லேம்ப் (கரண்ட் வரும் வழியில் ஒரு பல்பு) வைத்தே செய்யுங்கள்.

இனி நீண்ட நாள் வாசித்தால்தான் தெரிகிற சங்கதிகள். இந்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஆர்கனுக்கே தீனி போட்டது, இப்போது அதற்கு வேலை குறைவு. வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6வி6 ஒன்றுக்கு 0.45 ஆம்பியர், முன்னால் உள்ள இரண்டு சின்ன வால்வில் ஒன்றுக்கு 0.3, மொத்தமே ஒன்றரை ஆம்பியர். சுமை இறங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது. போதாததற்கு அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர்கள் 117 வோல்ட்டை நினைத்துச் சுற்றியவை, என் வீட்டில் வருவது 120க்கு மேல். ஹீட்டரில் 7 வோல்ட் காட்டியது. இருக்க வேண்டியது 6.3, பத்து சதவீதம் கூடலாம், அதற்கு மேல் போனால் வால்வின் ஆயுள் போய்விடும். ஹீட்டர் வயர் ஒவ்வொன்றிலும் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டதும் 6.3க்கு வந்து நின்றது. எத்தனையோ பேர் வால்வு கம்பெனியைத் திட்டுகிறார்கள், ஹீட்டரில் என்ன வருகிறது என்று அளந்து பார்ப்பதில்லை.

ஹைவோல்டேஜும் அப்படித்தான். 5யு4க்குப் பதில் அதே சாக்கெட்டில் 5ஒய்3 போட்டேன், அது தனக்குள்ளேயே அதிகம் இழப்பதால் ஆனோடில் 355 வோல்ட்டில் நின்றது. டீலக்ஸில் கேத்தோடு ரெசிஸ்டர் 250 ஓம், நான் 300 வைத்தேன். அதில் 21 வோல்ட், அதாவது 70 மில்லிஆம்ப், ஒரு வால்வுக்குப் பாதி என்றால் 6வி6இன் வரம்பான 12 வாட்டுக்குச் சற்றுக் கீழே. பழைய 6வி6 வால்வுகளுக்கும் இது பத்திரமான இடம். இந்த இரண்டு மாற்றமும் செய்ததிலிருந்து பவர் வால்வு தொல்லை கொடுக்கவே இல்லை. முன்பக்கத்து 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்று மட்டும் மைக் மாதிரி ஆகி, சேசிஸைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்க ஆரம்பித்தது, மாற்றினேன்.

சத்தம் எப்படி? ஆறாத ஆசையோடு வாசிக்க வைக்கிற சத்தம். வால்யூம் நாலுவரை தெளிவாக இருக்கும். ஐந்தைத் தாண்டினால் நோட்டின் ஓரம் சொரசொரப்பாகும், அதுவும் விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி. மெல்ல மீட்டினால் சுத்தமாக வரும், ஓங்கி அடித்தால் கரகரக்கும். எட்டுக்கு மேல் பேஸ் கம்பிகள் குழைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிடார் என்றால் இன்னும் சீக்கிரம். மெட்டல் வாசிப்பவர்களுக்கு இது ஆகாது. 5இ3இல் எனக்கு மிகப் பிடித்தது, இரண்டு சேனல் வால்யூமும் ஒன்றையொன்று இழுப்பது: கிடார் சொருகாத சேனலின் குமிழைத் திருப்பினாலும் சொருகியதன் தொனி மாறும். டோன் குமிழைவிட அதைத்தான் நான் அதிகம் தொடுகிறேன்.

ஹம், அதாவது கரண்டின் ரீங்காரம், பற்றிக் கேட்பீர்கள். ஹீட்டர் வயர்களை முறுக்கி சேசிஸ் மூலையோடு ஓட்டுங்கள், இன்புட்டின் கிரவுண்டை ஜாக்கின் அருகிலேயே இணையுங்கள். ஹீட்டர் வைண்டிங்கில் சென்டர் டேப் (நடுவிலிருந்து வரும் வயர்) இல்லாவிட்டால், ஹீட்டர் வயர் ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒன்றாக இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போதும். இவ்வளவு செய்தால், கிடார் வால்யூமை மூடியதும் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் இரைச்சல் தெரியும்.

பன்னிரண்டு வாட்தானே என்று நினைத்து அபார்ட்மெண்ட்டில் வைத்து வாசிக்கத் திட்டம் போடாதீர்கள். கரகரப்பு வருகிற இடத்தில் அடுத்த வீட்டுக் கதவு தட்டப்படும். 12 இஞ்ச் ஸ்பீக்கரோடு டிரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்க இது தாராளம், கொஞ்சம் பெரிய அரங்கென்றால் முன்னால் ஒரு மைக் வைத்துவிடுவேன்.