அயோர்ட்டா வீக்கம்: வயிற்றைத் திறப்பதா, தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதா?

அப்பாவுக்கு 67 வயது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா, வயிற்றுப் பகுதியில் 5.8 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருந்தது. சாதாரணமாக 2 செ.மீ. அளவில்தான் இருக்கும். 3 வந்தாலே அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் வீக்கம் என்கிறார்கள், ஆனால் ஆண்களுக்கு 5.5 வரை அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம், அதைத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து கூடிவிடுகிறது. வெடித்தால் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. நாங்கள் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஸ்டென்டின் வசதி தெரிந்ததுதான். துணி சுற்றிய கம்பி வலைக் குழாய் அது, தொடை இடுக்கு வழியாக உள்ளே போகிறது, சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த ஈவார்-1 ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்டில் 100க்கு இரண்டு பேருக்கும் குறைவு, திறந்த ஆபரேஷனில் நான்கைந்து பேர். இதைக் கேட்டதும் அம்மா ஸ்டென்ட் என்றே நின்றார்கள்.

என்னை மாற்றியது அதற்குப் பிறகான பராமரிப்பு. திறந்த ஆபரேஷனில் டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயை நல்ல சுவரோடு தைத்துவிடுகிறார்கள், அப்புறம் சில வருடங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும். ஸ்டென்ட் உள்ளிருந்து தாங்கிக்கொண்டு நிற்கிறது, வீங்கிய பை அப்படியே இருக்கிறது. ஓரத்திலோ இடுப்புக் கிளைக் குழாய்கள் வழியாகவோ ரத்தம் மறுபடி அந்தப் பைக்குள் கசியலாம், ஸ்டென்ட் நகரலாம், அதனால் ஆயுள் முழுக்க வருடாவருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும், சி.டி. என்றால் சாயமருந்து, ஏற்கெனவே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் கூடுதலாக இருப்பவருக்கு அது சிறுநீரகத்தில் போய் நிற்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேனால் ஓரளவு சமாளிக்கலாம்தான், ஆனால் அதை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே. அதே ஈவார்-1ல் எட்டு வருடத்துக்குப் பிறகு இறப்பு ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் அதிகம், பை மறுபடி வெடித்ததும் அதற்கு ஒரு காரணம். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் ஸ்கேன் பக்கமே போகாத மனிதர் அப்பா.

திறந்த ஆபரேஷன் லேசு இல்லை. ஐ.சி.யு., நீளமான தையல், பழையபடி நடமாட சில மாதம். தையல் இடத்தில் குடலிறக்கமும் வரலாம். அப்பாவின் இதயமும் நுரையீரலும் தாங்கும் என்று சோதித்த பிறகே முடிவெடுத்தோம். 80 வயதோ, இதயம் பலவீனமோ என்றால் நானே ஸ்டென்ட் என்றுதான் சொல்லியிருப்பேன். சிறுநீரகக் குழாய்களுக்குக் கீழே பிடிமானத்துக்கு நல்ல இடம் இல்லாவிட்டால் சாதாரண ஸ்டென்ட் பொருந்தாது, அதை சி.டி. பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி இன்னும் இரண்டு வருடம்கூட முடியவில்லை, அதனால் நீண்டகாலம் பற்றி நான் சொன்னதெல்லாம் ஆய்வை நம்பித்தான். சிகரெட்டை விட்டுவிட்டார். சித்தப்பாவையும் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறோம், உடன்பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.