ஓலாம்: முடிவில்லாத காலமா, எல்லை தெரியாத காலமா?

எபிரேய வேதாகமத்தில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் 'ஓலாம்' என்னும் சொல்லுக்கு முடிவின்மையே அடிப்படைப் பொருள் என்பது ஒரு தரப்பு. முன்னும் பின்னும் எல்லை புலப்படாமல் நீளும் காலமே அடிப்படை, முடிவின்மை இடத்தைப் பொறுத்து வந்து சேர்வது என்பது மறுதரப்பு.

முதல் தரப்புக்குச் சங்கீதம் 90:2 வலுவான சான்று. மலைகள் தோன்றுமுன்பே 'ஓலாம் முதல் ஓலாம் வரை' கடவுள் இருக்கிறார் என்னும்போது, அதை நெடுங்காலம் என்று சுருக்க வழியில்லை.

மனிதரைப் பற்றிப் பேசும் இடங்களிலோ நிலைமை வேறு. யாத்திராகமம் 21:6-இன்படி, விடுதலை வேண்டாம் என்று சொல்லிக் காது குத்தப்பட்ட அடிமை 'ஓலாம்' வரை ஊழியம் செய்வான். ஆனால் லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் 50-ஆம் ஆண்டான யூபிலியில் விடுதலையை விதிப்பதால், யூத ரபீக்கள் (சமயச் சட்ட அறிஞர்கள்) இங்கே ஓலாம் என்பதை 'யூபிலி வரை' என்றே வரையறுத்தனர். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில், தன் மகன் சாமுவேல் 'ஓலாம்' வரை ஆலயத்தில் இருப்பான் என்ற அன்னாள், அதே அதிகாரத்தில் 'அவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம்' என்று விளக்கிவிடுகிறாள். பூமியின் தாழ்ப்பாள்கள் தன்னை 'ஓலாமாக' அடைத்ததாகப் பாடும் தீர்க்கதரிசி யோனா, தன்னை விழுங்கிய மீனின் வயிற்றில் இருந்தது மூன்று நாள்தான். ஆயினும் அது கவிதை, அதை மட்டும் வைத்து வழக்காடக் கூடாது. 1950-களில் இச்சொல்லை விரிவாக ஆராய்ந்த பழைய ஏற்பாட்டு அறிஞர் எர்ன்ஸ்ட் ஜென்னி 'மிகத் தொலைவான காலம்' என்று பொருள் கண்டதும் இரண்டாம் தரப்புக்கே துணை நிற்கிறது. என் சாய்வும் அப்பக்கம்தான்.

அத்தரப்பினர் சிலர் 'மறைத்தல்' என்னும் வேர்ச்சொல்லைக் காட்டி வாதிடுவது மட்டும் வலுவற்றது. அந்த வேரே ஐயத்துக்குரியது. மேலும், சொல்லின் பொருளை முடிவு செய்வது வழக்கேயன்றி வேரன்று.

பிற்கால எபிரேயத்தில் ஓலாம் 'உலகம்' என்றும் பொருள்பட்டது. கடவுள் மனிதர் உள்ளத்தில் ஓலாமை வைத்தார் என்னும் பிரசங்கி 3:11-இல் பழைய தமிழ் வேதாகமம் 'உலகத்தையும்' என்று எழுதியதும், பழைய லத்தீன் வேதாகம மொழிபெயர்ப்பான வுல்காத்தா அவ்வாறே கொண்டதும் இப்பொருளைப் பின்பற்றியே. காலத்தைப் பேசும் அப்பகுதிக்கு 'நித்தியம்' என்பதே மேலும் பொருந்துகிறது.

இரண்டாம் தரப்பு உண்மையில் தடுமாறுவது தானியேல் 12:2-இல். மரித்தோர் எழுந்து சிலர் ஓலாம் வாழ்வையும் சிலர் ஓலாம் இகழ்ச்சியையும் அடைவர் என்று ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இருமுறை வருகிறது. ஒன்றை முடிவற்றது என்றும் மற்றதை முடிவுள்ளது என்றும் பிரிக்க விரும்புவோர், அதற்கான காரணத்தை இச்சொல்லுக்கு வெளியேதான் தேட வேண்டும்.