வீட்டு வாசலுக்கு வேம்பா, புங்கனா?

புதிதாக வீடு கட்டி முடித்தவர்கள் நிழலுக்கு ஒரு மரம் வைக்க எண்ணும்போது, தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் பேச்சு பெரும்பாலும் வேம்பு, புங்கன் என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது. இரண்டும் நம் மண்ணுக்குப் பழகியவை. இரண்டின் தழையும் நெல் வயலுக்கு அடியுரமாகக் காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது. மயிலாடுதுறை வட்டாரத்தில் வைத்தீஸ்வரன்கோயிலின் தல மரம் வேம்பு. அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் திருப்புன்கூரின் தல மரம் புங்கு. இப்படி அருகருகே போற்றப்படும் மரங்கள் என்பதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று பலர் கருதிவிடுகிறார்கள். உண்மையில் வேர், நீர், இடம் ஆகிய மூன்றிலும் இவற்றின் தேவைகள் வேறு வேறு. எதை நடுவது என்பதை மனையின் மண்தான் முடிவு செய்ய வேண்டும். மழை ஓய்ந்த பிறகு அந்த மண்ணில் தண்ணீர் எத்தனை நேரம் தேங்குகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வேம்பு வறட்சிக்குப் பிறந்த மரம். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்திலும் அது தழைத்து நிற்கும். மக்காவுக்கு அருகே அரஃபாத் சமவெளியில் ஹஜ் பயணிகளின் நிழலுக்காக ஏறத்தாழ 50,000 வேப்ப மரங்கள் நடப்பட்டதே அதன் தாங்கும் வலிமைக்குப் போதிய சான்று. ஆழமாக இறங்கும் ஆணிவேரால்தான் அது கோடையைக் கடக்கிறது. ஆனால் அதே வேருக்குக் காற்றோட்டம் இல்லாத ஈரம் ஒத்துக்கொள்ளாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நீர் தேங்கும் களிமண் மனையில் நட்ட வேப்பங்கன்று முதலில் வெளிறும், பிறகு நுனியிலிருந்து காயும், கடைசியில் வேரழுகிச் சாயும். ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளிலும், வயலை மேடாக்கிப் பிரித்த மனைகளிலும் வீடு கட்டியவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

புங்கனின் இயல்பிடமே ஆற்றங்கரையும் கடலோரமும்தான். அதன் காய் நீரில் மிதந்து சென்று கரையொதுங்கி முளைக்கக்கூடியது என்பதிலிருந்தே அதற்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு விளங்கும். சில நாள் வெள்ளத்தில் அடிமரம் மூழ்கினாலும், நிலத்தடி நீர் சற்று உப்பாக இருந்தாலும் அது பொறுத்துக்கொள்கிறது. வறட்சியையும் தாங்கும், ஆனால் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்காவது தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். செம்மண் மேட்டில் நட்ட வேம்புக்கு முதல் கோடையைக் கடத்திவிட்டால் பிறகு மனிதர் தயவு பெரும்பாலும் தேவைப்படாது. சென்னையின் தெற்கு, மேற்குப் புறநகர்களைப் போல மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்களிலும், கடற்கரை ஓர ஊர்களிலும் நான் தயக்கமின்றிப் புங்கனையே சொல்வேன். மதுரைக்குத் தெற்கே, மழை குறைந்த மேட்டு நிலங்களில் வேம்பை விட்டு வேறொன்றைத் தேட வேண்டிய அவசியமில்லை.

புங்கன் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். அதன் உதிர்ந்த இலைகளை எரிக்காமல் அடியிலேயே மட்கவிட்டால் சில ஆண்டுகளில் மேல்மண் கறுத்து இளகிவிடுவதைக் காணலாம். கட்டட இடிபாடுகள் கலந்து கெட்டுப்போன மனை மண்ணுக்கு இந்தக் குணம் பெரிய உதவி. மகோகனிக் குடும்பத்தைச் சேர்ந்த வேம்புக்கு இந்த வசதி இல்லை; அதன் தழையும் மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் கரையான், நூற்புழு போன்றவற்றை அடக்குவதில்தான் வேப்பம் புண்ணாக்கின் சிறப்பு இருக்கிறது.

நகர மனைகளில் அடுத்த கேள்வி இடம். வேம்பு சாதாரணமாக 15 முதல் 20 மீட்டர் உயரம் போகும். நேரான அடிமரத்துடன் எழும்பிப் பிறகு விரியும். வாசலில் மின்கம்பி சென்றால், பத்தாவது ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் அதன் தலையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். புங்கன் பொதுவாக அதைவிடச் சற்றுக் குள்ளம். அதற்கு மாறாக அகலமாகப் படரும், தாழ்விலேயே கிளை பிரியும். ஆகவே புங்கனை நட்டவர் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் அடிக்கிளைகளை நீக்கி, ஏழெட்டு அடி வரை ஒற்றைத் தண்டாகப் பயிற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் விட்டதால்தான் பல தெருக்களில் புங்க மரம் நடப்பவரின் முகத்தில் இடிக்கிறது. பழி மரத்தின் மேல் விழுகிறது.

சுவருக்கும் மரத்துக்கும் இடையே வேம்புக்குக் குறைந்தது 15 அடி, புங்கனுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி விடுவது என் கணக்கு. கழிவுநீர்த் தொட்டியின் பக்கம் இரண்டையும் நடக்கூடாது. மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் தளத்தை அடிமரம் வரை கொண்டுவந்து முடிப்பது இரண்டுக்குமே தீங்கு. அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது வெறும் மண்ணாக இருந்தால்தான் வேர் பரவிப் பிடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேர் பரவ இடமில்லாத மரங்களின் நிலையைத் தெருத் தெருவாகப் பார்த்தோம்.

இலையுதிர்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. மாசி, பங்குனியில் உதிர்த்து, சித்திரை வெயில் முற்றுமுன் மீண்டும் தழைத்துவிடும். புங்கனின் புதுத் தளிர் செம்பு நிறம் கலந்து வந்து, பளபளக்கும் இளம்பச்சையாக மாறும் சில நாள்களுக்காகவே அதை நடலாம். ஐந்து முதல் ஒன்பது வரையான அகன்ற சிற்றிலைகள் என்பதால் அதன் நிழல் அடர்த்தியானது. சிறு சிறு இலைகள் கொண்ட வேம்பின் நிழலில் வெளிச்சம் சற்று ஊடுருவும். காற்றும் தாராளமாகப் புகும். வேப்ப மரம் இரவிலும் பிராணவாயு தரும், கொசுவை விரட்டும் என்று சொல்வதை நம்பி நட வேண்டாம். இரவில் எல்லா மரங்களையும் போல அதுவும் சுவாசிக்கத்தான் செய்கிறது. கொசுவுக்கு எதிராக வேலை செய்வது எண்ணெயும் புகையுமே அன்றி, நிற்கும் மரம் அன்று.

வாசல் பெருக்குபவர் அறிந்த வேறுபாடு ஒன்று உண்டு. வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கும்; புத்தாண்டுப் பச்சடிக்கும் ரசத்துக்கும் பூ கிடைக்கும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது தரை பிசுபிசுக்கும், ஈ மொய்க்கும். கீழே நிறுத்திய காரின் மேல் பழமும் பறவை எச்சமும் சேர்ந்து விழும். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 50 கிலோ வரை பழம் தரும் என்பதால் இது சிறு தொல்லை அன்று. ஆனால் குயிலும் மைனாவும் கிளியும் தேடி வரும் மரமும் அதுதான். புங்கன் வெளிர் ஊதா கலந்த வெண்பூக்களைக் கோடையில் கொட்டும். முற்றத்து வெண்மணலில் உதிர்ந்த புன்கம் பூவை, முருகனுக்காக வேலன் வெறியாடும் சடங்குக் களத்தில் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிடும் சங்கப் பாடலே உண்டு. வாசலில் புங்கன் நிற்பது அவ்வளவு பழைய வழக்கம். பூவைப் பெருக்குவது எளிது, தேனீக்களுக்கும் அது விருந்து. காய் மட்டையாகக் காய்ந்து விழும், ஒட்டாது. அதன் விதையும் எண்ணெயும் உண்ணத் தகாதவை என்பதைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்தானது.

பூச்சி நோயில் புங்கன் அசிங்கமாகும், ஆனால் சாகாது. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன்களால் இலை முழுக்கக் கொப்புளம் போன்ற முடிச்சுகள் தோன்றும். மருந்தடிக்கத் தேவையில்லை, மிகுதியாக இருந்தால் அந்தக் கிளைகளை மட்டும் கவாத்து செய்தால் (வெட்டிக் குறைத்தால்) போதும். வேம்பின் நிலைமை அண்மைக் காலத்தில் கவலைக்குரியதாக இருக்கிறது. பூச்சிவிரட்டி மரம் என்று பெயர் பெற்ற அதன் கொழுந்தையே தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி உறிஞ்சுகிறது. முந்திரியையும் தாக்கும் அதே பூச்சிதான். அது துளைத்த இடத்தில் பூஞ்சணம் புகுந்து, கிளைகள் நுனியிலிருந்து தீய்ந்தவை போலக் கருகுகின்றன. மழைக்காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் முழு மரமே கருகி நிற்பதைக் கண்டு பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். காய்ந்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டுப் பங்குனி வரை காத்திருந்தால், பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கின்றன. மழை முடியும் தறுவாயில் வேம்பைக் கடுமையாகக் கவாத்து செய்தால், சரியாகப் பூச்சி பெருகும் நேரத்தில் இளங்கொழுந்து வரும். அதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு மரங்களிலும் புல்லுருவி தென்பட்டால், அதை மட்டும் பிய்க்காமல் அது பற்றிய கிளையைச் சற்றுக் கீழே வைத்து வெட்ட வேண்டும்.

கன்றாக வாங்குபவர்கள் மலைவேம்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும். அது ஒட்டுப்பலகைக்காக வேகமாக வளர்க்கப்படும் வேறு மரம். விதையிட்டு வளர்ப்பவர்களுக்கு வேம்பு அவகாசம் தராது. பழுத்து விழுந்த விதையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும் என்பதால், சதையை நீக்கி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். புங்க விதையைப் பல மாதங்கள் வைத்திருந்தும் விதைக்கலாம். குழி இரண்டுக்கும் இரண்டடி நீள, அகல, ஆழம் போதும். வேம்பை மட்டும் மண்ணைச் சற்றுக் குவித்து மேட்டின் மேல் நட்டால் அடியில் நீர் நிற்காது.

வேம்பை நடுமுன் யோசிக்க வேண்டிய மற்றொன்று, பிறகு அதை வெட்ட மனம் வராது என்பது. அம்மன் மரம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமானது; சுவர் விரிசல் விட்ட பிறகும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் கடத்துவார்கள். ஏற்கெனவே சுவரோரம் முளைத்த வேம்பு கைத்தடி அளவு இருக்கும்போதே, ஆடி மழைக்கு முன் வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடம் நடுவதே எளிது. பெரிதான பிறகு சுவர்ப் பக்க வேர்களை ஒரேயடியாக வெட்டினால் மரம் காற்றில் சாயும். இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் மேல்கிளையையும் குறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. புங்கன் வேரிலிருந்தும் பக்கக் கன்று விடும் என்பதால், அதை அகற்ற நினைப்பவர்கள் கட்டையைத் தோண்டி எடுத்த பிறகும் ஓராண்டு காலம் சுற்றுப்புறத்தைக் கவனித்து, முளைப்பதைக் கிள்ளிக்கொண்டே இருக்க நேரிடும்.